கூட்டின் அளவும் மூச்சின் கணக்கும்

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில், பிற்பகல் அமர்வில் நிகழ்ந்த மருத்துவ உரையின் எழுத்து வடிவம்)



மழைக்காலம் பிறந்ததும் வீடுதோறும் தும்மலும் இருமலும் கேட்பது வழக்கம். பள்ளிக்குச் சென்று வரும் பிள்ளை ஒரு சளியைக் கொண்டு வரும். அது தம்பி, தங்கை, தாய், பாட்டி என ஒவ்வொருவரிடமும் இரண்டு மூன்று நாள் தங்கி, ஒரு வாரத்திற்குள் வீட்டை விட்டு அகலும். மிளகுக் கஷாயமும் நல்ல உறக்கமும் போதுமென்று பெரியோர் சொல்வது பெரும்பாலோர் அளவில் மெய்யே. ஆயினும் அதே வீட்டில், பிறவியிலேயே மார்புக்கூடு குறுகியோ குழிந்தோ வளைந்தோ அமைந்த குழந்தை ஒன்று இருக்குமாயின், அதே சளி அக்குழந்தையிடம் வேறு விதமாக நடந்து கொள்ளக்கூடும். வீட்டிலுள்ள மற்றவர்க்கு மூக்கொழுகலாய் முடிந்தது, அக்குழந்தைக்கு மூச்சுத்திணறலாய் முதிரலாம். இவ்வேறுபாடு எதனால் நேர்கிறது, அதனை வீட்டார் எவ்வாறு காலத்தே கண்டுகொள்வது என்பதே இவ்வுரையின் பொருள்.

துருத்தியும் குதிரும்

மார்புக்கூடு பன்னிரண்டு இணை விலா எலும்புகளால் ஆனது. அவ்விலாக்கள் பின்புறம் முதுகுத்தண்டோடு பொருந்தியுள்ளன. அவற்றுள் மேலுள்ள பத்து இணைகள் குருத்தெலும்பின் வழியே முன்புறம் மார்பெலும்போடு தொடர்பு கொண்டுள்ளன. அடித்தளமாய் அமைந்தது உதரவிதானம் என்னும் தசை. இக்கூடு உள்ளுறுப்புகளைக் காக்கும் வேலி மட்டுமாயின் அசைய வேண்டிய தேவை இராது. கொல்லன் உலையில் துருத்தி எவ்வாறு விரிந்து காற்றை உள்ளிழுத்துச் சுருங்கி வெளியேற்றுகின்றதோ, அவ்வாறே இக்கூடும் விரிந்து சுருங்குகின்றது. நுரையீரலுக்குத் தானே விரியும் ஆற்றல் இல்லை. கூடு விரிந்தால் அதுவும் விரியும். கூடு விரியாவிடில் அது வாளா இருக்கும்.

நலமுள்ள வளர்ந்த ஒருவர் ஓய்வாய் அமர்ந்திருக்கையில் ஒரு மூச்சில் இழுக்கும் காற்று ஏறத்தாழ அரை லிட்டர். அவரே முழு முயற்சியோடு இழுத்து முழுவதும் வெளிவிட்டால் மூன்று முதல் ஐந்து லிட்டர் வரை காற்று இயங்கும். அன்றாடம் செலவாவது சிறிது. கைவசம் இருப்பது பன்மடங்கு. ஓடும்போதும் மலையேறும்போதும் காய்ச்சலுறும்போதும் உடல் எடுத்துச் செலவிடுவது இச்சேமிப்பையே. குதிர் நிறைய நெல் வைத்திருக்கும் உழவர் ஒரு போகம் பொய்த்தாலும் கலங்கார். குதிரில் ஒரு மரக்கால் மட்டுமே உள்ளவர் வீட்டில் அதே போகம் பொய்த்தால் பசி வந்துவிடும். மார்புக்கூடு குறைபட்ட குழந்தையின் நிலை இரண்டாமவர் நிலையை ஒத்தது. நல்ல நாளில் அக்குழந்தை சிரிக்கும், தவழும், பால் குடிக்கும். குதிர் காலியாய் இருப்பது வெளியே தெரியாது. சளி வந்த இரவில்தான் அது புலப்படும்.

குறைகளின் வகைகள்

பிறவி மார்புக்கூட்டுக் குறைகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. அவற்றைப் பிரித்தறிதல் வீண் அச்சத்தையும் நீக்கும், வீண் துணிவையும் நீக்கும்.

இவற்றுள் மிகுதியாய்க் காணப்படுவது குழி மார்பு. மார்பெலும்பு உட்பக்கம் அமிழ்ந்து, நடுமார்பில் ஒரு பள்ளம் தோன்றும். முந்நூறு நானூறு பிறப்புகளில் ஒன்றில் இது காணப்படும் என்பது பொதுவான கணக்கு. பெண்களினும் ஆண்களிடத்தே பன்மடங்கு மிகுதி. 1594ஆம் ஆண்டிலேயே ஐரோப்பிய மருத்துவர் இதனை எழுதி வைத்துள்ளனர். மார்பெலும்பு வெளிப்பக்கம் துருத்தி நிற்பது புறா மார்பு. இவ்விரண்டும் லேசான அளவில் இருப்பின் நுரையீரலின் கொள்ளளவு சிறிதே குறையும், அல்லது குறையவே குறையாது. அத்தகைய குழந்தைகளுக்குச் சாதாரணச் சளி பிற குழந்தைகளுக்கு வருவது போலவே வந்து போகும். அவர்கள் பெற்றோர் அஞ்சி அஞ்சி வாழத் தேவையில்லை. பள்ளம் ஆழமாகி இதயத்தை இடப்புறம் தள்ளியும் நுரையீரலை அழுத்தியும் நிற்கும்போதே கவனம் கூட வேண்டும்.

ஒரு பக்கத்து மார்புத் தசை இல்லாமலும், சிலரிடம் அப்பக்கத்து விலாக்களும் கைவிரல்களும் குறைவளர்ச்சியாகவும் அமைவது போலந்து நோய்க்குறித்தொகுதி. 1841ஆம் ஆண்டில் இலண்டன் கைஸ் மருத்துவமனையில் மாணவராயிருந்த ஆல்ஃபிரட் போலந்து இதனை விவரித்தமையால் அவர் பெயரே நிலைத்தது. போலந்து நாட்டிற்கும் இதற்கும் தொடர்பில்லை.

மிகவும் அரியதாயினும் மிகவும் கொடியது, பிரெஞ்சு குழந்தை மருத்துவர் ழேன் என்பவர் பெயரால் வழங்கும் குறை. 1950களில் அவர் இதனை எழுதினார். விலாக்கள் குட்டையாய் அமைந்து, மார்பு மணி போலக் குறுகி நிற்கும். வயிறு மட்டுமே ஏறி இறங்க, மார்பு அசைவற்றிருக்கும். இவை போன்றே, முதுகெலும்புகள் பிறவியிலேயே பிளவுபட்டோ ஒட்டியோ அமைந்து முதுகு வளைவதும், விலாக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போவதும் ஒரு பக்க நுரையீரலுக்கு இடமில்லாமல் செய்துவிடும்.

இங்கே ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். வைட்டமின் டி குறைவால் எலும்பு மென்மையாகி மார்பு துருத்துவதும் உண்டு. அது பிறவிக் குறையன்று. உரிய மருந்தால் தடுக்கவும் குணப்படுத்தவும் இயலும். ஆதலின் மார்பின் வடிவம் மாறுபட்டுத் தோன்றினால் வீட்டிலிருந்தே பெயர் சூட்டாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுதல் முதற்கடமை.

இடம் இருந்தால் மூச்சு வளரும்

மார்புக்கூட்டின் அளவைப் பற்றிய ஒரு கணக்கு யாவரும் அறியத்தக்கது. பிறந்த குழந்தையின் மார்புக்கூட்டுக் கொள்ளளவு, அது வளர்ந்தபின் அடையப்போகும் அளவில் நூற்றில் ஆறு பங்கு அளவே. ஐந்து வயதில் அது நூற்றில் முப்பது பங்காகும். பத்து வயதில் பாதியாகும். நுரையீரலின் காற்று நுண்ணறைகள் முதல் சில ஆண்டுகளிலேயே விரைந்து பெருகுகின்றன. அக்காலத்தில் கூடு விரிந்து இடம் தராவிடில், நுரையீரல் தான் அடையவேண்டிய அளவை அடையாமலே நின்றுவிடும்.

1987ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரில் ஒரு கைக்குழந்தை மருத்துவர்முன் கொண்டுவரப்பட்டது. ஒரு பக்கத்து விலாக்கள் பல இல்லாமலே அது பிறந்திருந்தது. மூச்சுக் கருவியை விட்டு அகல அதனால் இயலவில்லை. எலும்பு மருத்துவர் இராபர்ட் கேம்ப்பெல், குழந்தைகள் அறுவை மருத்துவர் மெல்வின் ஸ்மித் ஆகிய இருவரும், எஞ்சியிருந்த விலாக்களோடு உலோகக் கம்பிகளை இணைத்து, இல்லாத மார்புச் சுவரை அமைத்தனர். அவ்வனுபவத்திலிருந்து பிறந்ததே டைட்டானியம் விலா. 1989இல் அது முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. குழந்தை வளர வளரச் சிறு அறுவைகளால் அதனை நீட்டிக்கொண்டே போகலாம். 2004இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு ஒப்புதல் வழங்கியது. இயல்பான மூச்சையோ நுரையீரல் வளர்ச்சியையோ தாங்க இயலாத மார்புக்கூட்டின் நிலைக்கு ‘மார்புக்கூட்டுப் போதாமை’ என்னும் கருத்தில் ஒரு பெயரையும் கேம்ப்பெல் தந்தார். போதாமை என்னும் அச்சொல் பொருள் பொதிந்தது. குறை நுரையீரலில் இல்லை. அதற்குரிய இடமே போதவில்லை.

நச்சுயிரி செய்யும் வேலை

குழந்தைகளின் மூச்சுப்பாதையைத் தாக்கும் வைரஸ்கள் பல. அவற்றுள் கைக்குழந்தைகளைப் பெரிதும் வருத்துவது ஆர்.எஸ்.வி. எனச் சுருக்கமாக வழங்கப்படுவது. 1956இல் ஆய்வுக்கூடத்துச் சிம்பன்சிகளிடம் முதலில் கண்டறியப்பட்டு, அடுத்த ஆண்டே மனிதக் குழந்தைகளிடமும் அது கண்டறியப்பட்டது. இரண்டு வயது நிறைவதற்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் அது ஒருமுறையேனும் தொட்டுவிடுகிறது. நலமுள்ள பெரியவர்க்கு அது பெரும்பாலும் வெறும் சளி. இன்ஃபுளூயன்சா, ரைனோ வைரஸ், பாராஇன்ஃபுளூயன்சா, கொரோனா வகைகள் ஆகியனவும் இவ்வரிசையில் உள்ளன.

இவை மூச்சு நுண்குழல்களின் உட்சுவரை வீங்கச் செய்கின்றன. இறந்த உயிரணுக்களும் சளியும் குழலை அடைக்கின்றன. இங்கே ஓர் இயற்பியல் விதி செயற்படுகிறது. பிரெஞ்சு மருத்துவர் புவாசே பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்ட விதியின்படி, சீராய் ஓடும் காற்றுக்கு ஒரு குழலின் ஆரம் பாதியானால், அதன் வழியே செல்வதற்கான தடை இருமடங்காவதில்லை, பதினாறு மடங்காகிறது. வளர்ந்தவரின் எட்டு மில்லிமீட்டர் அகலக் குழலில் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் வீக்கம் ஏற்பட்டால் தடை மூன்று மடங்களவே கூடும். கைக்குழந்தையின் நான்கு மில்லிமீட்டர் குழலில் அதே ஒரு மில்லிமீட்டர் வீக்கம் தடையைப் பதினாறு மடங்காக்கும். ஒரே சளி, ஒரே வீக்கம். பாட்டிக்கும் பேரனுக்கும் விளைவு வேறாவது இதனாலேயே.

குறுகிய கூடுடைய குழந்தைக்கு இச்சுமையின்மேல் மேலும் மூன்று சுமைகள் ஏறுகின்றன. கூடு விரிய மறுப்பதால் ஒவ்வொரு மூச்சும் சிறிதாகிறது. ஆதலின் மூச்சின் எண்ணிக்கையைக் கூட்டியே அது ஈடுகட்ட வேண்டும். இருமுவதற்கு முன் ஆழ்ந்து இழுக்க இயலாமையால் இருமலில் வலிமை இராது. சளி வெளியேறாமல் உள்ளேயே தங்கும். இடைவிடாது உழைக்கும் மூச்சுத் தசைகள் ஓர் எல்லைக்குமேல் களைத்துவிடும். களைப்பு வந்தபின் மூச்சின் வேகம் குறையும். வேகம் குறைவதைக் கண்டு குழந்தை தேறிவருகிறதென்று வீட்டார் எண்ணிவிடுவர். உண்மையில் அதுவே பேராபத்தின் வாயில்.

நலமான நாளின் எண்

குழந்தையின் மூச்சு விரைகின்றதா என்பதை அறிய உலகச் சுகாதார நிறுவனம் எளிய அளவுகோல் ஒன்றைத் தந்துள்ளது. இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு நிமிடத்திற்கு 60 அல்லது அதற்கு மேல். இரண்டு மாதம் முதல் ஓராண்டு நிறையும் வரை 50 அல்லது அதற்கு மேல். ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது விரைந்த மூச்சு. அழாமல் அமைதியாய் இருக்கும்போது, முழு ஒரு நிமிடம், வயிறும் மார்பும் ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்து எண்ண வேண்டும். மூச்சிழுக்கும்போது கீழ் மார்பு உட்குழிவதும் நோய் முதிர்ந்ததற்கு அறிகுறி.

இவ்வளவுகோல் இயல்பான மார்புடைய குழந்தைகளை மனத்திற்கொண்டு அமைந்தது. குழி மார்புடைய குழந்தைக்கு நலமான நாளிலும் மார்பு உட்குழிந்தே காணப்படலாம். குறுகிய கூடுடைய குழந்தை உறக்கத்திலும் பிற குழந்தைகளைவிட விரைந்தே மூச்சு விடலாம். ஆதலின் பொது அளவுகோலோடு அக்குழந்தைக்கே உரிய தனி அளவுகோல் ஒன்றும் வேண்டும். அதனை மருத்துவமனையில் பெற இயலாது. பெற்றோரே உண்டாக்க வேண்டும்.

செய்யவேண்டியது இதுவே. குழந்தை எந்நோயுமின்றி உறங்கும் நாள்களில் மூன்று நான்கு முறை மூச்சை எண்ணி எழுதுக. மார்பு எந்த அளவு குழிகிறது என்பதைக் கைப்பேசியில் ஒரு நிமிடக் காட்சியாகப் பதிந்து வைக்க. ஒரு வேளைக்கு எவ்வளவு பால் குடிக்கிறது, எவ்வளவு நேரத்தில் குடிக்கிறது என்பதையும் குறித்து வைக்க. குழந்தை வளர வளர மூச்சின் எண்ணிக்கை குறைவது இயல்பாதலின், சில மாதங்களுக்கு ஒருமுறை இதனைப் புதுப்பிக்க வேண்டும்.

ஒரு வீட்டை எண்ணிப் பார்க்க. ஏழு மாதக் குழந்தை. பிறவியில் குறுகிய மார்பு. பெரிய பேரனுக்கு வந்த சளி மூன்றாம் நாள் இக்குழந்தைக்கு வருகிறது. இரவு பத்து மணி. காய்ச்சல் இல்லை. குழந்தை பாலை இருமுறை உறிஞ்சிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

“சளிதானே அம்மா. மார்பு குழிவது இவனுக்குப் பிறந்ததிலிருந்தே உள்ளதுதான். காலையில் பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார் மாமியார்.

மருமகள் எதிர்த்துப் பேசுவதில்லை. அலமாரியிலிருந்த குறிப்பேட்டைக் கொண்டுவந்து விரிக்கிறாள். “உறக்கத்தில் இவனுக்கு 38தான் அத்தை. இப்போது இருமுறை எண்ணினேன், 58 வருகிறது. பாலும் பாதிகூட இறங்கவில்லை.”

மாமியார் ஒரு கணம் குறிப்பேட்டைப் பார்க்கிறார். பின்னர்த் தம் மகனை எழுப்புகிறார்.

இக்காட்சி கற்பனையே. ஆயினும் இதுபோன்ற இரவு வாராத வீடு அரிது. ‘வழக்கமாய் உள்ளதுதான்’ என்னும் சொல், அன்பினால் சொல்லப்படினும், இத்தகைய குழந்தைக்கு ஊறு விளைக்கக்கூடிய சொல். அதற்கு மறுமொழி, நலமான நாளில் எழுதி வைத்த எண். வீட்டில் இளையவராயினும் அவ்வெண்ணைக் கையில் வைத்திருப்பவரின் சொல்லுக்கு வலிமை உண்டு. மருத்துவமனையின் அவசரப் பிரிவிலும் அவ்வாறே. “மூச்சு வாங்குகிறது” என்பதனினும் “38 இருந்தது 58 ஆயிற்று” என்பது மருத்துவரை விரைந்து செயற்படுத்தும்.

நான்கு வயதுப் பிள்ளையை எடுத்துக்கொண்டால், நலமான நாளில் 24 இருந்தது சளியில் 36 ஆயிற்றென்க. பொது அளவுகோலின் 40ஐ அது எட்டவில்லை. ஆயினும் தன் இயல்பினும் ஒன்றரை மடங்காயிற்று. 40 வரட்டும் என்று காத்திருத்தல் இப்பிள்ளை அளவில் பிழை.

பால் குடியாமை, மூச்சுவிடும்போது முனகல், மூக்குத்துளை விரிதல், உதடும் நாவும் நீலம் பாய்தல், தட்டி எழுப்பினும் எழாத மயக்கம், மூச்சு இடையிடையே நின்று தொடர்தல் ஆகியவற்றுள் ஒன்று காணினும் எண்ணிக்கொண்டிராமல் 108 ஊர்தியை அழைக்க வேண்டும். ஆர்.எஸ்.வி. நோயில் மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை வருத்தம் உச்சமடைவது வழக்கம். ஆதலின் முதல் நாள் நலமாய்த் தோன்றியது என்பதால் மறுநாள் கவனத்தைத் தளர்த்துதல் ஆகாது.

விரல் கருவி சொல்வதும் சொல்லாததும்

கொரோனாக் காலத்திற்குப் பின் பல வீடுகளில் விரலில் பொருத்தும் ஆக்சிஜன் அளவுக் கருவி உள்ளது. அது பயனுள்ளதே. நலமுள்ளோர்க்கு 95க்கு மேல் காட்டும். 94க்குக் கீழ் இறங்கினால் மருத்துவரை நாடுக. 90க்குக் கீழ் இறங்கினால் அது அவசரம். குளிர்ந்த விரலும் நகப்பூச்சும் பொய்யான அளவைக் காட்டும். பெரியவர் விரலுக்கான கருவி கைக்குழந்தையின் விரலில் சரியாகப் பொருந்தாது.

மற்றுமொரு செய்தி மார்புக்கூட்டுக் குறையுடையோர்க்கு இன்றியமையாதது. மூச்சின் வேலை இரண்டு. ஆக்சிஜனை உள்ளே கொணர்வது ஒன்று. கரியமில வாயுவை வெளியேற்றுவது மற்றொன்று. விரல் கருவி முதலாவதை மட்டுமே அளக்கும். கூடு விரியாதவர்க்கு நோய் முதிரும்போது கரியமில வாயு உடலிலேயே தேங்குகிறது. குழாய் வழியே ஆக்சிஜன் கொடுத்ததும் கருவியின் எண் உயர்ந்துவிடும். வீட்டார் மனம் ஆறுவர். ஆனால் தேங்கிய வாயு அப்படியே இருக்க, நோயாளி மெல்ல மெல்ல மயக்கத்தில் ஆழக்கூடும். காலையில் தலைவலி, பகலில் காரணமற்ற உறக்கம், குழப்பமான பேச்சு ஆகியன அதன் அடையாளங்கள். இவர்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது, முகத்தில் பொருத்திய உறை வழியே மூச்சுக்கு அழுத்தம் தந்து துணைபுரியும் கருவி. ஆகவே மருத்துவமனையை அடைந்ததும் “பிறவியிலேயே மார்புக்கூடு குறை உடையவர்” என்பதை முதற்சொல்லாகச் சொல்ல வேண்டும். வீட்டில் தாமே ஆக்சிஜன் வைத்துக்கொண்டு காத்திருத்தல் கூடாது.

வீட்டு வழக்கங்களில் விலக்கத்தக்கன

எண்ணெய்க் குளியலுக்குப்பின் குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுவதும், சளி எடுப்பதாக வாயால் மூக்கில் ஊதுவதும் பல ஊர்களில் இன்னும் உள்ளன. எண்ணெய்த் துளி நுரையீரலை அடைந்தால் அங்கேயே தங்கி அழற்சியை உண்டாக்கும். ஊதுபவரின் வாயிலுள்ள கிருமிகள் நேரே குழந்தையை அடையும். ஈரம் உலர்த்தச் சாம்பிராணிப் புகை காட்டுதல் இனிய மணம் தரும் பழக்கமே. ஆயினும் சேமிப்பில்லாத நுரையீரலுக்குப் புகை எதுவாயினும் புகையே. புகையிலைப் புகை, விறகுப் புகை, கொசுவர்த்திப் புகை யாவும் இவ்வகையின. கொதிநீரில் ஆவி பிடிக்க வைத்துக் குழந்தைகள் வெந்து போன நிகழ்ச்சிகள் உண்டு. அடைத்த மூக்கிற்கு உப்புநீர்ச் சொட்டு மருந்தே போதுமானது.

வைரஸ் தொற்றை ஆன்டிபயாடிக் மருந்து கொல்லாது. பின்தொடர்ந்து பாக்டீரியாத் தொற்று நேர்ந்ததென மருத்துவர் கண்டால் மட்டுமே அது வேண்டும். முன்பு வாங்கிய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் மீண்டும் வாங்குதல் தவறு. இருமலை அடக்கும் மருந்துகளும் இக்குழந்தைகட்கு ஆகா. வலிமை குறைந்த அவ்விருமலே சளியை வெளியேற்றும் ஒரே வழி. காய்ச்சலுக்கு மருத்துவர் கூறாமல் ஆஸ்பிரின் கொடுத்தலும் கூடாது.

தடுப்பு

இவ்வைரஸ்கள் காற்றில் பரவுவது போலவே கைகளாலும் பரவுகின்றன. ஆர்.எஸ்.வி. மேசையிலும் விளையாட்டுப் பொருளிலும் பல மணி நேரம் உயிர்த்திருக்கும். குழந்தையைத் தூக்குமுன் சோப்பிட்டுக் கைகழுவுவதே எளிய காப்பு. திருமணத்திலும் விழாவிலும் குழந்தையைக் கைமாற்றிக் கொஞ்சுவது அன்பின் வெளிப்பாடு. ஆயினும் சளியுள்ளவர் தாமாகவே விலகி நின்று கொஞ்சுவது அதனினும் பெரிய அன்பு. தாயிடம் அவ்விலக்கத்தைக் கேட்டுப்பெறும் சங்கடத்தை வைத்தலாகாது.

ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு இன்ஃபுளூயன்சாத் தடுப்பூசி ஆண்டுதோறும் இடலாம். இளங்குழந்தைக்கு முதன்முறை இடும்போது ஒரு மாத இடைவெளியில் இரண்டு தவணை வேண்டும். வைரஸ் தன் உருவை மாற்றிக்கொண்டே இருப்பதால் ஒவ்வோராண்டும் ஊசி புதுப்பிக்கப்படுகிறது. அவற்றுள் பெரும்பாலானவை கோழிமுட்டைக் கருவில் வைரஸை வளர்த்து உருவாக்கப்படுபவை. முட்டையையும் விலக்கும் குடும்பங்களில் இதுபற்றி வினா எழுதல் இயல்பு. முட்டையின்றி உயிரணு வளர்ப்பு முறையிலும் பிற முறைகளிலும் ஆன தடுப்பூசிகளும் உலகில் உள்ளன. எது கிடைக்கும், எது தக்கது என்பதை மருத்துவரிடம் வெளிப்படையாய்க் கேட்டுத் தெளிக. கேட்கத் தயங்கி, ஊசியை ஆண்டுக்காண்டு தள்ளிக்கொண்டே போதலே நேரக்கூடிய பெருங்கேடு. வைரஸ் தொற்றைப் பின்தொடரும் நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் தடுப்பூசி 2021 முதல் நாடெங்கும் அரசு அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. அட்டவணையின் ஒரு தவணையும் விடுபடலாகாது.

ஆர்.எஸ்.வி.க்கு எதிராக இரண்டு புதிய வழிகள் அண்மையில் பிறந்துள்ளன. ஒன்று, குழந்தைக்கு நேரே செலுத்தும் நெடுநாள் எதிர்ப்பொருள். 2022இல் ஐரோப்பாவிலும் 2023இல் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. மற்றொன்று, கருவுற்ற தாய்க்கு இடும் தடுப்பூசி. தாயிடம் உண்டாகும் எதிர்ப்பொருள் பிறக்கும் குழந்தையைச் சில மாதங்கள் காக்கும். குறுகிய மார்போடு பிறந்த குழந்தையின் பெற்றோர் இவற்றைப் பற்றித் தம் மருத்துவரிடம் கேட்டறிவது நன்று.

அறுவைக்கு முன்னும் சட்டைக்குள்ளும்

குழி மார்புக்கு இன்று நல்ல அறுவை முறைகள் உள்ளன. அமெரிக்காவின் நார்ஃபோக் நகரில் டொனால்ட் நஸ் 1987இல் செய்யத் தொடங்கி 1998இல் வெளியிட்ட முறையில், வளைந்த உலோகப் பட்டை ஒன்றை மார்பெலும்புக்குக் கீழே செலுத்திப் பள்ளத்தை உயர்த்துவர். சில ஆண்டுகளுக்குப்பின் பட்டையை எடுத்துவிடுவர். அறுவைக்கு நாள் குறித்தபின் பிள்ளைக்குச் சளி வந்தால் அதனை மறைத்தல் கூடாது. சளி நின்றபின்னும் சில வாரங்கள் வரை மூச்சுக்குழல் எளிதில் சுருங்கும் தன்மையோடிருக்கும். மயக்கமருந்தின்போது அது இடர் தரும். விடுப்பு எடுத்தாயிற்று, உறவினர் வந்தாயிற்று என்பதற்காக இருமலை மறைத்துப் பிள்ளையை அறுவைக்கூடத்திற்கு அனுப்புதல் ஆகாது. நாளைத் தள்ளிவைத்தால் இழப்பு சில வாரங்களே.

மற்றொரு மறைப்பும் உண்டு. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் வளர்ச்சி விரையும்போது பள்ளமும் ஆழமாகும். அப்பருவத்துப் பிள்ளை சட்டையைக் கழற்ற மறுப்பான். நீச்சலுக்குப் போக மாட்டான். தோளைக் குனிந்தே நடப்பான். உடற்குறையைக் குடும்பத்தின் குறையாக எண்ணிப் பெற்றோரும் அதனைப் பேசாதிருப்பர். பேசாத வீட்டில் மூச்சு வாங்குவதையும் பிள்ளை சொல்ல மாட்டான். காய்ச்சலோடு மாடிப்படி ஏற இயலாமல் நின்றதையும் சொல்ல மாட்டான். மார்பின் அமைப்பு யாருடைய பிழையும் அன்று என்பதை அப்பிள்ளை பெற்றோர் வாயாலேயே கேட்க வேண்டும். நடையும் நீச்சலும் மூச்சுப்பயிற்சியும் தசைகளை வலுப்படுத்தும். வலுப்பட்ட தசைகள் நோய் நாளில் எளிதில் களைக்கா.

குறிப்பேட்டின் ஒரு பக்கம்

இவ்வளவும் கேட்டபின் வீடு திரும்புவோர் செய்யவேண்டிய பணி ஒன்றே. குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு ஒரு தாளை இணைத்து வைக்க. அதில் மார்புக்குறையின் பெயர், நலமான நாளில் உறக்கத்தில் எண்ணிய மூச்சு, எண்ணிய நாள், கருவி காட்டிய ஆக்சிஜன் அளவு, உடல் எடை, செய்த அறுவைகள், மருத்துவரின் தொலைபேசி எண் ஆகிய ஏழும் இருக்கட்டும். ஒரு படி பாட்டி வீட்டிலும் ஒரு படி பள்ளியிலும் இருக்கட்டும்.

குறுகிய கூட்டைப் பெரிதாக்கும் ஆற்றல் வீட்டாரிடம் இல்லை. அது மருத்துவர் பணி. அக்கூட்டிற்குள் மூச்சு எவ்வளவு, சேமிப்பு எவ்வளவு என்பதை அறிந்து வைத்தல் வீட்டார் பணி. இன்றிரவு குழந்தை நலமாய் உறங்கும்போது அருகில் அமர்ந்து, ஒரு நிமிடம் எண்ணித் தாளில் எழுதிவிடுக.